அமைச்சர் வீட்டிலிருந்து பேசுகிறேன்

விடிந்தும் விடியாமலும் பரசுராமன் கண்ணாடி முன்னால் நின்று, தலையில் துண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிவட்டம் கட்டும்போது நெற்றி எவ்வளவு தெரிய வேண்டும் என்பது அன்றைக்கு அவருடைய பெருங்கவலை. ஏரி நிரம்பி வழிவதை அந்தப் பக்கத்தில் கோடி போகிறது என்பார்கள். கோடி போனால் கரையில் அம்மனுக்குப் பொங்கல் வைத்து, தண்ணீரில் மஞ்சள், குங்குமம், புடவை விட்டு, ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் தலையில் பரிவட்டம் கட்டுவது வழக்கம். இந்த வருஷம் அந்தப் பெரிய மனிதர் தான்தான் என்று அவரே முடிவு செய்து, வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்து, முசரவாக்கம் ரோடு முழுக்க ஃப்ளெக்ஸும் வைத்தாயிற்று. அமைச்சரான அவர் மனைவி துளசியின் படம் அதில் ஒரு மூலையில் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோடி போக ஏரியில் தண்ணீர் இல்லை. தளும்பிக்கொண்டிருந்த ஏரியின் மதகை யாரோ திறந்து விட்டுவிட்டார்கள். பாய்ந்த தண்ணீர், வேர் பிடிக்காத நடவையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டது.

"மந்திரி வீட்டு நெலமே முழுகிப் போச்சு" என்று பின்கட்டில் மாமியார் பொன்னியம்மாள் பாத்திரங்களை உருட்டினாள். இந்த வயதிலும் தன் ஒரு காணி நிலத்தில் தானே நின்று நடவு பார்க்கிறவள் அவள். "இன்னாத்துக்கு இவளுக்குக் கொடி வெச்ச காரு? மாமியா நெலத்தக் காப்பாத்தத் துப்பில்ல. எம்புள்ளய மட்டும் பின்னால சுத்த வெச்சிக்கினு இருக்கா..." முணுமுணுத்தபடியே வயலைப் பார்க்கக் கிளம்பிப் போனாள்.

துளசிக்கு அது பத்திருபது வருஷமாகக் கேட்கிற பாட்டுத்தான். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, தான் நிற்க முடியாத ஆத்திரத்தில் அவளை நிறுத்தியவர் பரசுராமன். "நீ கையெழுத்து மட்டும் போடு, மிச்சத்த நான் பாத்துக்குறேன்" என்றார். பார்த்துக்கொண்டார்தான். மழைத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தபோது அவள் முழங்கால் தண்ணீரில் நின்றாள், அவர் காருக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு பார்த்தார். ஜனங்களுக்குக் கண் இருந்தது. அவளைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள், கட்சி அமைச்சராக்கியது. முன்னறையில் மனு வாங்குகிற நாற்காலி மட்டும் அவருடையதாகவே இருந்தது. காஞ்சிபுரத்தில் அமைச்சருக்குப் பட்டுச் சால்வைக்கா பஞ்சம்? வந்ததெல்லாம் அவர் தோளுக்குப் போனது. அவள் போன்கூட அவர் சட்டைப் பையில்தான். அது அடித்தால், "அமைச்சர் வீட்ல இருந்து பேசுறேன்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்தான் பேசுவார்.

அந்த முன்னறைக்குத்தான் அன்று மானஸா வந்தாள். ஏரியைக் கவனிக்கும் உதவிப் பொறியாளர், சின்ன காஞ்சிபுரத்துப் பெண். மதகைத் திறந்தது அவள் தப்பு என்று முந்தின நாள்தான் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"மேடம், உங்க நம்பர்லேர்ந்துதான் போன் வந்தது. அமைச்சர் வீட்லேர்ந்து பேசறேன், உடனே மதகைத் திறன்னார். கீழே நடவு நட்டிருக்கு சார்னு சொன்னேன். அமைச்சரே சொல்றாங்க, நீ யாரு கேக்கறதுக்குன்னார். இப்போ யாருமே போன் பண்ணலைங்கறா... நானே இஷ்டத்துக்குத் திறந்தேனாம். எங்க அப்பா பெருமாள் சேவிக்கக்கூடப் போகாம ஆத்துலயே முடங்கிக் கிடக்கார் மேடம்."

துளசி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடி முன்னால் இப்போது கொழுந்தன் கலைவாணனும் இருந்தான். ஏரியின் உள்வாயில், தண்ணீர் நிற்க வேண்டிய இடத்திலேயே, பிளாட் போட்டு 'லேக் வியூ நகர்' என்று பெயர் வைத்த புண்ணியவான். இந்த மழையில் லேக், வியூ பார்க்க நகருக்குள்ளேயே வந்துவிட்டது. விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது.

"இன்னாங்க, என் போன்ல பேசி மதகத் தொறக்கச் சொன்னது நீங்களா?"

பரசுராமன் திரும்பக்கூட இல்லை. "தம்பி பிளாட்டெல்லாம் தண்ணியில நிக்குது, பாத்துக்கினு இருக்கச் சொல்றியா? அரசியல்ல இதெல்லாம் சகஜம். நீ எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடு."

"நெசமாவே எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அதான் அசிங்கமா இருக்குது."

"அண்ணி, அந்தப் பொண்ண ஆறு மாசத்துல திருப்பி எடுத்துப்பாங்க" என்றான் கலைவாணன். "நீங்க வாயத் தொறந்தீங்கன்னா பதவி போய்டும்."

"அவளுக்கு இப்பவே போயிடுச்சே கலை."

பரசுராமனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அதுக்குன்னு... கட்ன புருஷனப் புடிச்சுக் குடுக்கப் போறியா துளசி?" இப்போதுதான் கண்ணாடியை விட்டுத் திரும்பினார். துண்டு இன்னும் தலையிலேயே இருந்தது. இந்த மனிதருக்குப் பயந்தா இவ்வளவு காலம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் அவரை ஜெயில் வாசலில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அவர் பையிலிருந்த போனைக்கூடக் கேட்காமல் வெளியே நடந்தாள்.

வாசலில் டி.வி.க்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"என் வீட்டிலிருந்து, என் பெயரைச் சொல்லித்தான் அந்தப் போன் போனது. பொறியாளர் மேல் தப்பு எதுவும் இல்லை. என் பெயருக்கு நான்தான் பொறுப்பு. அமைச்சர் பதவியை விட்டு விலகுகிறேன்."

"போன் பண்ணது யாரு மேடம்?"

"என் பெயர் என்று சொன்னேனே" என்று முடித்துவிட்டாள்.

மத்தியானத்துக்குள் கொடி வைத்த கார் போய்விட்டது. காலையில் சால்வையோடு வந்தவர்கள் சால்வையோடு திரும்பிப் போனார்கள். வயலிலிருந்து வந்த பொன்னியம்மாள் சேற்றுக் காலோடு கூடத்தில் நின்று கத்தினாள்.

"நீயாடி பண்ண? கொழுந்தன் பிளாட்டுக்காக எஞ்சோத்துல மண்ணள்ளிப் போட்டியாடி? உனக்கு நான் இன்னா கொற வெச்சேன்... எம்மூஞ்சில முழிக்காத, போய்டு!"

துளசி கணவனைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க அத்தே" என்றாள். ஒரு பையில் நான்கு புடவைகளை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, திருப்புட்குழியில் இருக்கும் அக்கா சம்பூர்ணம் வீட்டுக்குப் போய்விட்டாள். அழுகை ஆட்டோவில்தான் வந்தது. பக்கத்தில் இருந்த பூக்காரி, யார் என்று தெரியாமலேயே நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு முன்னறைக்கு ஈ காக்கை வரவில்லை. பரசுராமன் மட்டும் தினமும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலை கலைவாணன் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான். "எது எப்படியோ அண்ணே, நீ ஒரு போன் போட்ட பாரு, நம்ம பிளாட்டு தப்பிச்சுது. அண்ணி நம்ம பேரச் சொல்லாம இருந்தாங்களே, அந்த வரைக்கும் நல்லவங்கதான்." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டான்.

சட்னி வரவில்லை. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற பொன்னியம்மாள், அடுப்பை அணைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். போய்டு என்று சொன்ன தன் வாயை அன்று முழுக்கப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை பிடித்த மழை விடவே இல்லை. ஏரி மறுபடி ஏறி, ஒரு காலைப் பொழுதில் கோடி போனது. ஊரே கரையில் கூடிவிட்டது. பொங்கல் பொங்கியது, புடவையை விட்டார்கள். பூசாரி பரிவட்டத்தைத் தட்டில் எடுத்ததும் பரசுராமன், அழைப்பதற்கு முன்னாலேயே பட்டுச் சால்வையோடு போய்த் தலையைக் குனிந்து நின்றார். வெட்கம் என்று ஒன்று அவருக்குப் பழக்கமே இல்லை.

"நிமிருடா" என்றாள் பொன்னியம்மாள்.

"யம்மா, எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும். மதகத் தொறக்கச் சொல்லிப் போன் போட்டவன் நீ. உந்தம்பி வாயாலயே கேட்டேன். ஊர் நடவ முழுக்கிட்டு, பழியப் பொண்டாட்டி மேல போட்டுட்டு, இப்ப மரியாதைக்குத் தலய நீட்டிக்கினு வந்து நிக்கிறியே, உன்ன நானாடா பெத்தேன்?"

அவள் தட்டிலிருந்த பரிவட்டத்தை எடுத்துக்கொண்டு, பெண்களுக்குப் பின்னால் அக்காவோடு ஒரே குடையில் நின்ற துளசியிடம் போனாள்.

"பொம்பளைக்குக் கட்ற வழக்கம் இல்லையே ஆத்தா" என்று பூசாரி இழுத்தார்.

"நட்ட வயல முழுக்குறது மட்டும் வழக்கமா? சும்மா இருய்யா."

துளசி அந்தத் துணியைக் கையில் வாங்கினாள். மாமியாரின் முகத்தில் மழையும் கண்ணீருமாக ஓடிக்கொண்டிருந்தது. பரிவட்டத்தால் அந்த முகத்தைத் துடைத்தாள்.

"எனக்கு இது போதும் அத்தே."

"போடின்னு சொன்னேனே உன்ன..." என்று அவள் மார்பில் சாய்ந்து பொன்னியம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். "வீட்டுக்கு வாம்மா. முன் ரூம்ல சேரு காலியாத்தான் இருக்குது."

"அவரு இருப்பாரே."

"இன்னிக்குக் காலையிலயே எழுப்பிட்டேன்."

மறுநாள் துளசி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அமைச்சர் பதவி போனாலும் எம்.எல்.ஏ. அவள்தானே. மனுவோடு வந்தவர்கள் முதல்முறையாக அவளிடமே நேராகப் பேசினார்கள். அப்போது போன் அடித்தது. பரசுராமன் பழக்கதோஷத்தில் எடுத்துத் தொண்டையைச் செருமினார்.

"அமைச்சர் வீட்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எதிர்முனையில் மானஸா. முந்தின நாள்தான் மறுபடி வேலையில் சேர்ந்திருந்தாள். "இருங்க மேடம்... அவங்க இருக்காங்க, குடுக்குறேன்."

மதகைக் கொஞ்சம் திறக்கலாமா என்று மானஸா கேட்டாள்.

"அது உனக்குத்தான்மா தெரியும்" என்றாள் துளசி. "என்னக் கேக்காத. இனிமே இந்த வீட்ல இருந்து யார் போன் பண்ணாலும் கேக்காத."

பேசி முடித்து, போனைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். திருப்பித் தருவாள் என்று கையை நீட்டிக்கொண்டு நின்ற பரசுராமன், கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கையை மடக்கிக்கொண்டார்.

"வந்தவங்களுக்கு டீ போடட்டுமா?" என்று கேட்டார்.

"சக்கர கம்மியா" என்றாள் துளசி, அடுத்த மனுவைப் பிரித்தபடி.