அச்சமானி

பாலத்து முனையில் நின்ற அச்சமானிக் கம்பம் வழக்கம்போல கோர்டெல் பிக்கெட்டுக்குச் சிவப்பும் அவன் மகள் ஓடெட்டுக்குப் பச்சையும் காட்டியது. காருக்குள் எத்தனை தலையோ அத்தனை விளக்கு. ஓடெட் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சீட்டைச் சாய்த்துக்கொண்டாள். கோர்டெல் ஓரம் கட்டி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் விரித்து வைத்தான்.

ஃபேர்லோ நகரத்துக்கு இந்தக் கம்பங்கள் வந்தபிறகு போலீஸ்காரர் யாரையும் இஷ்டத்துக்கு நிறுத்த முடியாது. கண்ணாடி வழியாகவே நாடி, வியர்வை, கண்மணி எல்லாவற்றையும் அளந்து அச்சமானி கைகாட்டுகிற ஆளைத்தான் நிறுத்தலாம். குற்றம் செய்தவன்தானே பயப்படுவான் என்பது அந்தக் கருவியைச் செய்தவர்களின் கணக்கு. தோலின் நிறத்தை அது பார்ப்பதே இல்லை என்று நகரசபை மார்தட்டிக்கொண்டது. வாஸ்தவம், பார்க்கவில்லைதான். போலீஸைக் கண்டால் யாருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதை மட்டும் பார்த்தது. கோர்டெல் வயதுக் கறுப்பர்களுக்கெல்லாம் சிவப்பு, அவர்கள் பிள்ளைகளுக்கெல்லாம் பச்சை. ஒருமுறை சிவப்பு விழுந்தவருக்கு மறுபடி பச்சை விழுந்ததாக ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திரும்ப விழுமோ என்ற பயம் ஒன்றே போதுமே, விழவைக்க. போலீஸ்காரரின் பயத்தை மட்டும் அது அளக்காது. சட்டத்தில் அவர்களுக்கு விலக்கு.

வந்தவன் இளவயதுக்காரன். கோர்டெல்லின் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, ஓடெட்டிடம் "உன் அட்டையையும் காட்டும்மா" என்றான்.

ஓடெட் காலடியில் கிடந்த பையை வெடுக்கென்று இழுத்தாள். போலீஸ்காரனின் கை இடுப்பிலிருந்த துப்பாக்கிக்குப் போனது. பையிலிருந்து முதலில் வந்தது தண்ணீர் பாட்டில், பிறகுதான் பள்ளி அடையாள அட்டை. கை கீழே இறங்கியது. ஓடெட் எதையும் கவனிக்கவில்லை.

கறுப்பர் வீடுகளில் பிள்ளை கார் ஓட்டும் வயதுக்கு வந்தால், போலீஸ் நிறுத்தும்போது எப்படி நடந்துகொள்வதென்று உட்காரவைத்துப் பேசுகிற ஒரு பேச்சு உண்டு. அதற்குத் தனியாகப் பெயர் கிடையாது. 'அந்தப் பேச்சு' என்றால் எல்லோருக்கும் புரியும். கோர்டெல்லுக்கு அவன் அப்பா பேசினார், அவருக்கு அவர் அப்பா. அச்சமானி வந்த வருஷமே கோர்டெல்லும் அவன் மனைவி ரோண்டாவும் முடிவு செய்துவிட்டார்கள், நம் மகளுக்கு அது வேண்டாம் என்று. பயமே தெரியாமல் வளர்ந்தால் பச்சையிலேயே காலம் ஓடிவிடும். அப்படித்தான் வளர்த்தார்கள். ஆனால் அந்தக் கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தபிறகு அவனுக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்கு லைசென்ஸ் வாங்கித் தனியாகப் போகப்போகிறவள்.

அன்று மாலை வீட்டு வாசலில் நின்ற காரில் அவளை ஸ்டியரிங் பக்கம் உட்காரவைத்தான்.

"கையை மேல வை. விரலை விரி. எதை எடுக்கப்போறேன்னு வாயால சொல்லு. அவங்க சரின்னு சொன்னப்புறம் எடு. மெதுவா."

"எனக்குத்தான் பச்சை விழுதேப்பா. நீங்க பொம்மை மாதிரி உக்காந்திருக்கிறது போதாதா?" என்று சிரித்தாள்.

"உன் பெரியப்பா ரேமண்டும் இப்படித்தான் சிரிச்சுட்டிருந்தான்."

"அவர் ஆக்சிடெண்ட்ல போனார்னுதானே சொன்னீங்க?"

"ஆக்சிடெண்ட் இல்ல. போலீஸ் நிறுத்தினப்ப லைசென்ஸ் எடுக்க டேஷ்போர்டுக்குக் கையை நீட்டினான். சொல்லாம நீட்டினான். நான் பின்சீட்ல இருந்தேன்."

ஓடெட் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "இதை ஏன்ப்பா இப்ப சொல்றீங்க?" என்று கேட்டாள். "இன்னொரு தடவை செய், பாப்பா" என்றான். அவள் சிரிப்பு அறவே நிற்கும்வரை செய்யவைத்தான். ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோண்டா உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் அவனோடு முகம்கொடுத்துப் பேசவில்லை.

லைசென்ஸ் வந்த வாரம் ஓடெட்டே ஓட்டினாள். கோர்டெல் பக்கத்தில் இருந்தான். பாலம் நெருங்க நெருங்க அவள் பாட்டு நின்றுபோனதை அவன் கவனித்தான். பாடச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கம்பம் வந்துவிட்டது.

இரண்டு விளக்கும் சிவப்பு.

ஓடெட் ஓரம் கட்டினாள். கைகள் தாமாகவே ஸ்டியரிங்கின் மேல் ஏறின, பத்து விரலும் விரிந்தன. அதே இளவயதுப் போலீஸ்காரன் வந்தான்.

"லைசென்ஸ் பைக்குள்ள இருக்கு சார். பை பின்சீட்ல இருக்கு. வலது கையால எடுக்கப்போறேன். எடுக்கலாமா?"

"எடும்மா."

மெதுவாக எடுத்தாள். அவன் கை இடுப்புப் பக்கமே போகவில்லை. கோர்டெல்லுக்கு, என் பிள்ளை பிழைத்துக்கொள்வாள் என்று ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. ஓடெட் அட்டையை நீட்டினாள்.

போலீஸ்காரன் கையிலிருந்த திரையைத் தட்டினான். "இவ்வளவு நாளும் பச்சைதான் காட்டுது. இன்னைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டான். கெட்டவன் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டான். "பயப்படாதே. பயந்தாத்தான் சிவப்பு விழும்."

அவன் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போன பிறகும் ஓடெட் ஸ்டியரிங் மேலிருந்து கையை இறக்கவில்லை. தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"கை சரியா வச்சிருக்கேனாப்பா?"

கோர்டெல் அந்தக் கைகளைப் பார்த்தான். அப்பா அவனுக்குச் சொல்லித் தந்த மாதிரியே, துளி பிசகாமல் இருந்தன.

"சரியா இருக்கு, பாப்பா" என்றான்.