டம்ளரின் அடியில் ஒரு நாணயம்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு யாரோ தட்டிய தட்டில், காப்பீட்டு சர்வேயர் வீட்டுச் சுவரிலிருந்த பல்லிகள் நான்கும் வேறு வீடு பார்க்கக் கிளம்பின. கதவைத் திறந்தவர் அவருடைய மச்சினர். நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்திவிட்டு, இப்போது அத்தானோடு துப்புத் துலக்குவதே பிறவிப்பயன் என்று இருப்பவர். ஊரே அவரை 'மாத்திரை' என்றுதான் கூப்பிடும்.

வாசலில் தையல்கார அம்மா. கழுத்தில் அளவு நாடா. கையில் ஒரு முழ நீளக் கத்தரிக்கோல்.

"கத்தரிக்கோலைக் கீழ வைங்கம்மா. எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாம்," என்று மாத்திரை இரண்டடி பின்வாங்கினார்.

"என் தங்கச்சிய தீவிரவாதின்றாங்க சார்! நாலு மணிக்கு வண்டி வருதாம். ஏத்திட்டா சாயங்காலம் வர்ற புது விதிப்படி தொண்ணூறு நாளைக்கு கோர்ட்டும் இல்ல, வக்கீலும் இல்ல. கரப்பான்பூச்சி அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுறவ சார் அவ!"

சர்வேயர் நாற்காலியைக் காட்டினார். அவர் அவசரப்பட்டதை அவர் மனைவியே இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று மேடைக்கே பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் வந்தாராம். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

தங்கை கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். அங்கே ஓர் உறைபெட்டியில், பரிசோதனைக்காக வைத்த கிருமிக் குழாய்கள் நாற்பது. வெளியே போனால் ஊரைப் படுக்கவைத்துவிடும் சரக்கு. பெட்டிக்குச் சாவி இரண்டு: ஒன்று தங்கையிடம், மற்றது பாதுகாப்பு அதிகாரியிடம். மூன்று நாள் விடுமுறை முடிந்து திங்கள் காலை அதிகாரி பெட்டியைத் திறந்து எண்ணினார். முப்பத்தொன்பது. மத்தியானம் இயக்குநர் அறைக் கதவுக்கடியில் ஒரு கடிதம் கிடந்தது.

"என்ன எழுதியிருந்தது?"

"'பதினேழாம் எண், சிவப்பு மூடிக் குழாய் எங்கள் கையில். நகரம் நடுங்கும்'னு. இருபது தடவை என் முன்னாடி வாசிச்சுட்டாங்க. தூக்கத்துலயும் சொல்லுவேன்."

சர்வேயர் தொலைபேசியை எடுத்தார். முப்பத்தைந்து வருடம் குளிர்பதனக் கிடங்குகளின் நஷ்டத்தை மதிப்பிட்டவர் அவர். ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை தீப்பிடித்தபோது வந்து பார்த்ததில் இயக்குநர் அம்மாவுக்கு அவரைத் தெரியும். அவருடைய உரிமமும் இன்னும் எட்டு மாதத்துக்கு உயிரோடிருந்தது.

"அம்மா, அந்த உறைபெட்டிக்குக் காப்பீடு இருக்கில்ல? பொருள் காணோம்னா சர்வேயர் பார்த்தாகணும். பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்கூட காப்பீட்டு விதிக்குக் குறுக்க வராது."

"நீங்க வாங்க," என்றது மறுமுனை. "இந்தக் கட்டடத்துல நிதானமா மூச்சு விடுற ஓர் ஆளாவது வேணும்."

இரண்டரை மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆய்வுக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் துப்பாக்கிகள் நின்றன. சரி, ஆறு. ஆனால் ஆயிரம் போல முறைத்தன. பாதுகாப்பு அதிகாரி வாசலிலேயே மறித்தார். இஸ்திரி போட்ட சட்டைக்குள் இஸ்திரி போட்ட ஆள். ஊழியர்கள் வைத்த பெயர் 'விறைப்பு'.

"பெட்டிய யாரும் தொடக்கூடாது. நிபுணர் குழு நாளைக்கு வரும். புது உயிரி ஆயுதத் தடுப்புத் திட்டம், பிரிவு ஒன்பது. நானே எழுதினது. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அமைச்சர் கையெழுத்து."

"தொடமாட்டேன். பார்க்கலாமா?"

கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தார்கள். உள்ளே உறைபெட்டி ஒரு சவப்பெட்டியைப் போலக் கிடந்தது. சுவரில் ஒரே ஒரு மின்செருகுத் துளை. அதில் பெட்டியின் வயர். அறையின் கண்ணைப் பறிக்கும் புது மின்கதவின் வயரோ, ஒரு நீள இணைப்பு வழியாக அடுத்த அறைவரை ஊர்ந்து போனது.

"கதவு அழகா இருக்கே," என்றார் சர்வேயர்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம், லீவு நாள்லயும், அமைச்சகத்து ஆளுங்களுக்கு ஓட்டிக் காட்டினோம். அசந்துட்டாங்க." விறைப்பின் நெஞ்சு ஓர் அங்குலம் முன்னேறியது.

"அந்த நீள வயர் மட்டும் இவர் நேத்து காலையிலதான் கிடங்குலேர்ந்து வாங்கினார்," என்றார் இயக்குநர் அம்மா. "பழைய குளிர் அலாரத்தைப் போன வாரமே கழட்டியாச்சு. புதுசு வருதாம், வருதாம், வந்துக்கிட்டே இருக்கு."

விறைப்பு தன் தடயப் பட்டியலையும் படங்களையும் நீட்டினார். முதல் படத்தில், சாய்ந்த தட்டில் குழாய்கள். சிவப்பு மூடிகளுக்கு நடுவே சில நீல மூடிகள். ஓரத்தில் ஒரு குழி காலி. பெட்டியின் அடியில் முகம் பார்க்கலாம் போல வழவழவென்று பனிக்கட்டி. மாத்திரை பட்டியலைப் பிடுங்கி உரக்கப் படித்தார். "'பொருள் பதினொன்று: பெட்டி மூலையில் பிளாஸ்டிக் டம்ளர். உறைந்த நீர். அடியில் நாணயம் ஒன்று. சதிகாரர்களின் ரகசிய அடையாளமாக இருக்கலாம்.' அத்தான்! ரகசிய அடையாளம்!"

"மூச்சு விடு மாப்ளே."

தங்கையைப் பழைய பொருள் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அழுது முகம் வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் இன்னும் வீங்கியது. மூன்று கேள்விதான் சர்வேயர் கேட்டார்.

"டம்ளர்ல நாணயம் வைச்சது நீதானேம்மா?"

"ஆமா சார். எங்க பழைய வழக்கம். வியாழக்கிழமைதான் வைச்சேன்."

"எங்க வைச்சே?"

"தண்ணி உறைஞ்சதுக்கப்புறம் மேல வைக்கிறது. மேலதான் சார்."

"பதினேழாம் குழாய்?"

"அதுக்கும் வியாழக்கிழமைதான் மூடி மாத்தினேன். குளிர்ல சிவப்பு மூடி விரிசல் விடுது. ஏழு குழாய்க்கு நீலம் போட்டேன். பதிவேட்டுல திருத்த நேரமில்ல. சில மூடி மாத்தினேன்னு மட்டும் மேடத்துகிட்ட சொன்னேன், நம்பர் சொல்லல. பதிவேட்ட நேத்து காலையிலயே பாதுகாப்பு ஆபீசர் பையில போட்டுக்கிட்டார். இதையெல்லாம் யாரும் கேக்கலையே சார்? எந்த இயக்கம், எந்த இயக்கம்னுதான் கேட்டாங்க. நான் அக்காகிட்ட தையல் மிஷின் இயக்கக் கத்துக்குறேன்னு சொன்னேன். மிஷின் இயக்கத்தைத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சேன்."

மாத்திரைக்குச் சிரிப்பை அடக்கியதில் ஒரு பொத்தான் தெறித்தது.

மணி மூன்றரை. வெளியே வண்டி முன்கூட்டியே வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. சர்வேயர் எல்லோரையும் கண்ணாடிச் சுவரின் முன்னால் கூட்டினார்: இயக்குநர் அம்மா, விறைப்பு, அக்கா, தங்கை, தங்கையின் இருபக்கமும் இரண்டு காவலர்கள்.

"நான் சொல்றது தப்பாயிருந்தா, கொடுமையான ஒரு குழாய் இந்த நேரம் ஊருக்குள்ள திரியுது," என்று மெதுவாகத் தொடங்கினார். "அதனால ஒண்ணொண்ணா சொல்றேன். ஐஸ்கிரீம் கிடங்குலயும் இந்த நாணய வழக்கம் உண்டு. உறைஞ்ச தண்ணி மேல நாணயம். ஆளில்லாத நேரத்துல கரன்ட் போய் தண்ணி உருகினா, நாணயம் மூழ்கும். மறுபடி உறைஞ்சாலும் அடியிலேயே கிடக்கும். இங்க அடியில கிடக்குது."

"அப்போ பெட்டி உருகியிருக்கு!" என்று மாத்திரை துள்ளியதில் காவலர்களின் துப்பாக்கிகள் இரண்டும் அவர் பக்கம் திரும்பின. அவர் இரண்டு கைகளையும் தூக்கியபடியே மீதிக் கதையைக் கேட்டார்.

"உருகி, மறுபடி உறைஞ்சிருக்கு. பெட்டியில தானா பிடிக்கிற பனி பூ மாதிரி சொரசொரன்னு இருக்கும். படத்துல கண்ணாடி மாதிரி இருக்கு. அது தேங்கின தண்ணி உறைஞ்சது. ஏன் உருகிச்சு? சுவத்துல ஒரே துளை. வெள்ளிக்கிழமை மின்கதவு ஓடியிருக்கு. நீள வயர் வந்ததோ திங்கள் காலையில. அப்போ வெள்ளிக்கிழமை கதவுக்குக் கரன்ட் எங்கேர்ந்து வந்தது?"

எல்லோர் கண்ணும் அந்த ஒற்றைத் துளைக்குப் போய், அங்கிருந்து விறைப்பின் முகத்துக்கு வந்தது.

"அது... அந்தப் பொண்ணுகூடப் பிடுங்கியிருக்கலாமே! கடிதம் இருக்கே!" என்றார் விறைப்பு.

"கடிதத்துக்குத்தான் வரேன். சிவப்பு மூடின்னு எழுதியிருக்கு. பதினேழுக்கு இப்போ நீல மூடி. தன் கையால மாத்தினவ சிவப்புன்னு எழுதமாட்டா. குழாயைத் திருடினவனும் எழுதமாட்டான். அவன் கையில நீலமில்ல இருக்கும்? எழுதினவர் குழாயைப் பார்த்ததே இல்ல. பதிவேட்டைத்தான் பார்த்தார். நேத்து காலையிலேர்ந்து பதிவேடு யார் பையில?"

விறைப்பு தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதுவே போதுமான பதிலாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை கதவைக் காட்டப் பெட்டியப் பிடுங்கினீங்க, மறந்துட்டுப் போயிட்டீங்க. திங்கள் காலையில மறுபடி செருகி, தண்ணி உறைஞ்சப்புறம் திறந்து எண்ணினா ஒண்ணு குறையுது. உண்மை வெளிய வந்தா உங்க திட்டத்துல அமைச்சர் கையெழுத்துப் போடுவாரா? அலட்சியத்தை மறைக்க ஒரு தீவிரவாதி தேவைப்பட்டார். மத்த சாவி இந்தப் பொண்ணுகிட்ட இருந்தது."

"கதை! குழாய் எங்க? அதைச் சொல்லு!"

"பனி உருகினதும் தட்டு சாய்ஞ்சது. ஓரத்துக் குழாய் வழுக்கித் தண்ணியில விழுந்தது. அது மேல தண்ணி உறைஞ்சு மூடிருச்சு. யாரும் தொடக்கூடாதுன்னு நீங்களே விதி போட்டதால, யாரும் கையை விட்டுத் தேடல."

இயக்குநர் அம்மா பாதுகாப்பு உடை, முகமூடி, இரட்டைக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பெட்டியைத் திறந்து, காலிக் குழிக்கு நேர் கீழே பனியைத் துளித் துளியாகப் பெயர்த்தார். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களுக்கு இரண்டிரண்டு வயது கூடியது. அக்கா தன் அளவு நாடாவை முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி முடிச்சுப் போட்டாள்.

கடைசியில் இயக்குநர் அம்மா ஒரு பனிக்கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே சின்னதாக ஒரு குழாய். நீல மூடி. மூடி இறுக்கமாக இருந்தது.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலர்கள் தானாகவே இரண்டடி நகர்ந்து, விறைப்பின் இருபக்கமும் போய் நின்றார்கள்.

"பொய்யான உயிரி ஆயுத மிரட்டலுக்கு உங்க திட்டத்துல என்ன தண்டனை?" என்று கேட்டார் சர்வேயர்.

பட்டியலுக்குப் பின்னால் கோர்த்திருந்த திட்டத்தை மாத்திரை புரட்டினார். "பிரிவு பதினாலு. தொண்ணூறு நாள், கோர்ட்டு இல்ல, வக்கீல் இல்ல. அடடா, எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க."

"அமைச்சர் இன்னும் கையெழுத்துப் போடல," என்று முகமூடியைக் கழற்றியபடி வந்தார் இயக்குநர் அம்மா. "இனி போடவும் மாட்டார். இவருக்கு வக்கீலும் உண்டு, கோர்ட்டும் உண்டு."

"உண்டுன்னே இருக்கட்டும்," என்றாள் தங்கை, தரையில் உட்கார்ந்தபடியே. "அந்த அறையில ஒரு நாள் உட்கார்ந்து பாத்துட்டேன். யாருக்கும் அது வேணாம்."

நாலு மணிக்கு வண்டி கிளம்பியது, விறைப்போடு. தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, புதிதாக ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள்.

"அக்கா, ஒரு நாணயம் குடு. பழையது தடயமாப் போயிடுச்சு."