விட்டுப்போன துடிப்புகள்

யோகமலரின் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டது. விட்டதைச் சுவர் அடித்தது.

அப்படித்தான் அவளுக்குப் பட்டது. டிசம்பர் மாதத்துப் பிற்பகல், மூன்று மணி இருக்கும். முன்னறைச் சோபாவில் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தலையணையில் அழுந்திய காதுக்குள் தன் இதயம் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டபடி கிடந்தாள். டும், டும், டும் என்று ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, இருட்டில் படி தவறியதுபோல் சட்டென்று நின்றது. அந்த இடைவெளியில், முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து மெத்தென்று ஒரு டும். பிறகு அவளுடைய நெஞ்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

பக்கத்து வீட்டில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓடுகிறதாக்கும் என்று கண்ணை மூடினாள். கொஞ்சம் கழித்துத்தான் நினைவு வந்தது, பக்கத்து வீட்டில் ஒருவரும் இல்லை. இருந்தவர்கள் கோடையிலேயே பிக்கரிங்குக்குப் போய்விட்டார்கள். விற்பனைப் பலகை மட்டும் முன் புல்தரையில், பனிக்குள் பாதி புதைந்து நிற்கிறது.

பயந்திருக்க வேண்டும். ஆனால் பயப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவளிடம் அது இல்லை. அப்படியே நித்திரையாகிப் போனாள்.

மல்வேர்னில் சுவரோடு சுவர் ஒட்டிய அந்த டவுன்ஹவுஸுக்கு வந்து பதினெட்டு வருடம். அத்தனை வருடமும் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்ற நிலையில் பணிஸ் ரொட்டி அடுக்கியவள் யோகமலர். ஒக்டோபர் தொடக்கத்தில் வேலைத்தலத்து ஆட்களோடு ரூஜ் ஆற்றங்கரைக்கு ஒருநாள் போனாள். இறைச்சி சுட்டார்கள், உயர்ந்த புல்லுக்குள் நின்று படம் எடுத்தார்கள். அடுத்த கிழமை முழங்காலின் பின்புறம் சிவப்பாக ஒரு வட்டம். கடி ஏதாவது இருக்கும் என்று களிம்பு பூசிவிட்டு மறந்துபோனாள். நவம்பர் நடுவில், வேலைக்குப் போகிற பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில்தான் லைம் என்ற பேரை முதல் முதலாகக் கேட்டாள். எள்ளளவு உண்ணி ஒன்று கடித்து வந்த வருத்தம், இதயத்துக்குப் போய்விட்டது என்றார்கள். இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குப் போகிற செய்தி இடையில் தடைபடுகிறது, மருந்து ஏற ஏறச் சரியாகிவிடும், அதுவரைக்கும் படபடப்பு இருக்கும், துடிப்பு விட்டு விட்டு வரும், பயப்பட வேண்டாம் என்றார் டொக்டர்.

பத்து நாளில் வீட்டுக்கு விட்டார்கள். மேற்கையில் செருகிய மெல்லிய குழாய் வழியாக, தினமும் பின்னேரம் நான்கு மணிக்கு முர்ஷிதா என்ற நேர்ஸ் வந்து மருந்து ஏற்றிவிட்டுப் போவாள். இடப்பக்க நெஞ்சில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை ஒட்டியிருந்தார்கள். இரவு பகலாகத் துடிப்பைப் பதிவது அதன் வேலை. படபடக்கும்போது அதன் நடுவிலிருக்கும் பட்டனை அமத்தி, நேரத்தைக் கொப்பியில் எழுதவேண்டும். அது அவளுடைய வேலை.

எழுதினாள். முதல் நாள் இருபது துடிப்புக்கு ஒன்று விட்டது. அந்தக் கிழமை முடிவதற்குள் எட்டுக்கு ஒன்று. விட்டதையெல்லாம் சுவர் அடித்தது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கையால் தட்டுகிற சத்தம் இல்லை அது. ஈரமான கனத்த துணிப் பொட்டலத்தைப் பலகையில் ஒருதரம் வைத்து எடுப்பதுபோல், எலும்புக்குள் இறங்குகிற சத்தம். சுவரில் காதை வைத்தாள். சூடேற்றாத வீட்டை ஒட்டிய சுவர், ஐஸாகக் குளிரவேண்டியது, அவள் நெஞ்சுயரத்தில் மட்டும் காய்ச்சல்காரனின் முதுகைப்போல் இளஞ்சூடாக இருந்தது. பூச்சுக்கு உள்ளிருந்து, ஆஸ்பத்திரிப் போர்வையில் வருமே, வியர்வையும் மருந்தும் கலந்த ஒரு மணம், அதுவும் வந்தது.

கணவன் இரத்தினவேல் ட்ரக் ஓட்டுபவர். ஆறு நாள் வினிப்பெக் பாதையில் ஓடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தவர், சப்பாத்தைக் கழற்றவும் மனமில்லாமல் கதிரையில் விழுந்தார்.

"உமக்கு இன்னும் படபடப்பு நிக்கேல்லையே?"

"இடைக்கிடை ஒண்டு விடுது. விட்டது சுவருக்குள்ள அடிக்குது. பகிடி இல்லை. ஒருக்கா காதை வைச்சுக் கேளுங்கோ."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு எழும்பி வந்து காதை வைத்தார். அவள் விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறு, ஏழு. விட்டது.

"ஓம்," என்றார் இரத்தினவேல். "அடிக்குதுதான். ஆரோ ஆணி அடிக்கினம். விக்க முந்தி வீட்டைத் திருத்துவினம் தானே."

"லைற்றும் இல்லாமலோ?"

அவர் ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஐந்து நிமிடத்தில் பனியை உதறிக்கொண்டு திரும்பினார்.

"கதவில ஏஜென்ற்றின்ர பூட்டு தொங்குது. படியில ஒரு காலடி அடையாளமும் இல்லை. குளிருக்குக் குழாயள் இறுகிற சத்தம், யோகம். நீர் உதையே கேட்டுக்கொண்டு கிடந்தா வருத்தம் கூடும்."

"குழாய் என்ர நெஞ்சைப் பாத்துப் பாத்தே இறுகுது?"

கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கதிரையில் இருந்தபடியே வாயைத் திறந்து நித்திரையாகியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. விடிய நான்கு மணிக்கு அவர் மறுபடி ட்ரக் ஏறவேண்டும்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். கருவி பதிந்ததை டொக்டர் பார்த்துவிட்டார், எல்லாம் நன்றாக இருக்கிறது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு, ஒரு துடிப்புக்கூட விடவில்லை என்று சந்தோஷமாகச் சொன்னாள். யோகமலர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தான் நூறு தரத்துக்கு மேல் பட்டனை அமத்தியதைச் சொன்னாள். அமத்திய நேரமெல்லாம்கூட ஒழுங்காகத்தான் இருக்கிறது, பதற்றத்தில் சிலருக்கு அப்படித் தோன்றும் என்றாள் அந்தப் பெண்.

போனை வைத்துவிட்டு யோகமலர் கொப்பியைப் பார்த்தாள். பக்கம் பக்கமாக நேரங்கள். அவள் நெஞ்சு விட்டது பொய்யில்லை. கருவி பதிந்ததும் பொய்யில்லை. அப்படியென்றால் அந்தக் கருவி நெஞ்சையும் சுவரையும் கூட்டி எண்ணுகிறது.

அதற்குப் பிறகு கெதியாகப் போயிற்று. நான்குக்கு ஒன்று. மூன்றுக்கு ஒன்று. வியாழக்கிழமை பின்னேரம் ஒன்றுவிட்டு ஒன்று. நெஞ்சு ஒன்று, சுவர் ஒன்று. குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சுவாங்கவேண்டியிருந்தது. கேத்தலைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. படியில் ஏறினால் நடுப்படியில் குந்தவேண்டும். தலைமுடிகூடக் கனத்தது.

முர்ஷிதா அவள் விரலில் மெஷினை மாட்டினாள். எழுபத்திரண்டு காட்டியது. பிறகு ஏதோ யோசித்து, மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். இன்னொருதரம் எண்ணினாள்.

"மெஷின் எழுபத்திரண்டு காட்டுது அன்ரி. என்ட கைக்கு முப்பத்தாறுதான் வருது." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "எனக்கு இது சரியாப் படல்ல. இப்பவே எமேர்ஜென்சிக்குப் போவமா? நான் கூட வாறன்."

யோகமலருக்கு ஆஸ்பத்திரியின் அந்த நடைபாதை நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் படுத்திருந்த அந்த ஒடுங்கிய கட்டில், அணையாத விளக்கு, மறுபடி மறுபடி ஒரே கேள்வி.

"எனக்கு ஏலாது பிள்ளை. நாளைக்குப் பாப்பம். இண்டைக்கு ஒருநாள் படுக்கிறன்."

"நாளைக்கு இப்பிடியே இருந்தா நான் கேக்க மாட்டன், அம்புலன்ஸைக் கூப்பிட்டுருவன். சரியா?" என்றவள், சாமான்களை அடுக்கும்போது கையை நிறுத்தினாள். "பக்கத்து வீட்டுல ஆர் அன்ரி இருக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

முர்ஷிதா சுவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு வழக்கத்தைவிட வேகமாகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே பனி கொட்டியது. இரத்தினவேல், தண்டர் பே நகரத்தில் ரோட்டை மூடிவிட்டார்கள் என்று அழைத்துச் சொன்னார். பிற்பகல் மூன்றரைக்கே வீட்டுக்குள் சாம்பல் நிறம் இறங்கிவிட்டது. யோகமலர் சோபாவில் எண்ணிக்கொண்டு கிடந்தாள். இப்போது நெஞ்சு ஒன்று, சுவர் ஐந்து. நெஞ்சு ஒன்று, சுவர் பத்து. எண்ணி எண்ணி அலுத்து, ஒரு கட்டத்தில், நீயே அடி, என்னை விட்டுவிடு என்று நினைத்தாள். வாயால் சொல்லவில்லை. நினைத்தாள், அவ்வளவுதான்.

சுவர் நின்றது.

ஹீற்றரின் காற்று மட்டும் கேட்டது. யோகமலர் சுவரில் கையை வைத்தாள். குளிர்ந்தது. எங்கு தொட்டாலும் ஒரே குளிர்.

எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றவில்லை. எழுந்து நின்றாள். எதையும் பிடிக்கத் தேவையிருக்கவில்லை. இரண்டு மாதமாக உடம்பில் கிடந்த பாரம் கழன்று விழுந்துவிட்டதுபோல் லேசாக இருந்தது. மருந்து வேலை செய்துவிட்டது என்று ஒரு கணம் அவளுக்கு அழுகைகூட வந்தது. பழக்கதோஷத்தில் விரலை மணிக்கட்டில் வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

விரலை மாற்றி வைத்தாள். கழுத்தில் வைத்தாள். தாடைக்குக் கீழே, நோகும்வரை அழுத்தினாள். தலையணையில் காதை அழுத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒன்றுமே இல்லை.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாதக்கணக்கில் திறவாத பிணைச்சல் முனகுகிற சத்தம். மூடுகிற சத்தம் கேட்கவில்லை. யோகமலர் ஜன்னல் திரையை விலக்கினாள். தெருவில் ஒரு காரும் இல்லை. நடைபாதைப் பனி கால் படாமல் கிடந்தது. பக்கத்து வீட்டுப் படியிலிருந்து மட்டும் அடிச்சுவடுகள் தொடங்கியிருந்தன. வெறுங்கால். புல்தரைக்குக் குறுக்கே. இங்கே.

கதவு தட்டப்பட்டது.

டும். டும். டும்.

முர்ஷிதா. முர்ஷிதாவாகத்தான் இருக்கும். நான்கு மணியாகிறதே. யோகமலர் நடைக்கு வந்தாள். சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

"அன்ரி, முர்ஷிதா பேசுறன். பஸ் மார்க்கம் ரோட்டுலயே நிக்குது, பனி. வர இன்னும் அரை மணித்தியாலம் ஆகும். எப்பிடி இருக்கிறீங்க?"

யோகமலர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

டும். டும். டும். நிற்கவில்லை. கூடவில்லை, குறையவில்லை. ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணத் தேவையிருக்கவில்லை.

"அன்ரி? ஆரோ கதவு தட்டுறாங்க போல. எனக்கே கேக்குது. அம்புலன்ஸ் ஆக்களா இருக்கும், நேத்தைய கணக்கை நினைச்சு நான் வெளிக்கிடும்போதே அவங்களுக்குச் சொல்லிட்டன். திறந்து விடுங்க."

கதவின் மேற்பாதி மங்கல் கண்ணாடி. அதற்கு வெளியே ஒரு உருவம். அவள் உயரம். அவள் தோள்.

கிட்டப் போனாள். ஒரு அடி. இன்னொரு அடி.

டும்.

தட்டுவதற்கு எந்தக் கையும் உயரவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கின. அது கண்ணாடியோடு ஒட்டி நின்றது, நெஞ்சை மட்டும் அழுத்திக்கொண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த நெஞ்சு முன்னே வந்து இடித்தது. கண்ணாடி உள்ளே பிதுங்கி, திரும்பி, மறுபடி பிதுங்கியது.

"திறந்திட்டீங்களா அன்ரி?"

டும். டும்.

யோகமலரின் கை பூட்டில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.