சின்னதாக்கி அனுப்பிய படம்

படம் வந்துவிட்டது, ஆனால் அதில் அண்ணனைக் காணோம் என்றான் கொழுந்தன், போனில்.

அவளுக்குக் காரணம் புரிந்தது. அலுவலகத்தில் நில வரைபடங்களை ஸ்கேன் செய்தே பழகிய கை, எதை வைத்தாலும் அங்குலத்துக்கு ஆயிரத்து இருநூறு புள்ளிகள் என்றுதான் அழுத்தும். உள்ளங்கையளவு புகைப்படம் அவன் திரையில் மைதானமாக விரிந்து, மேல் மூலைச் சுவரை மட்டும் காட்டியிருக்கும். நகர்த்திப் பாரப்பா என்றாள். பார்த்துவிட்டேன், எங்கே போனாலும் சுவர்தான் என்றான்.

"உயிரோட இருந்தப்பவே அண்ணன் போட்டோவுல நிக்க மாட்டார். இப்ப மட்டும் நிப்பாராக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். கணவர் போனபின் அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. சாவுக்கு வர முடியாத தொலைவில் வேலை அவனுக்கு. முகத்தையாவது ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் அண்ணி என்று கேட்டிருந்தான். இருப்பதோ இந்த ஒரே படம். மாடிச் சுவரோரம், கேமராவுக்கு எட்டத்தில், கைகட்டி நிற்கிறார். அந்தப் படத்தையும், அண்ணி என்று கூப்பிட இவனையும் விட்டால் அவளுக்கு வேறு எதுவும் மிஞ்சவில்லை.

மழைமேகம் கட்டியிருந்ததால் பிற்பகலிலேயே அறை மங்கியிருந்தது. ஸ்கேனரிலிருந்து சுட்ட தூசியின் வாசனை வந்தது. மூடியின் இடுக்கில் வெளிச்சக் கீற்று ஒன்று எதையோ தேடுவதுபோல ஊர்ந்து போய்த் திரும்பியது. படத்தைப் பாதியாகச் சுருக்கி அனுப்பினாள்.

இப்போதும் திரையை மீறித்தான் நிற்கிறது என்றான். ஆனால் ஓரத்தில் நான்கு விரல்கள். அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டா நின்றார்?

இல்லையே என்று சொல்லிக்கொண்டே இன்னும் சுருக்கினாள்.

தோள் தெரிகிறது என்றான். குரல் இறங்கியிருந்தது. சட்டைக் காலரில் பிரிந்த நூல்கூடத் தெரிகிறதாம். சுருக்கிய படத்தில் அவர் தலையே மிளகளவுதான். அதில் நூல் தெரிய வழியே இல்லை.

எங்கோ கை தவறியிருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். தபால்தலை அளவுக்குக் குறைத்து அனுப்பினாள்.

"அண்ணி." கிசுகிசுத்தான். "இனிமே சின்னதாக்காதீங்க. சின்னதாக ஆக ஆக கிட்ட வர்றார்."

"இப்பதான்பா ஒண்ணு அனுப்பினேன். அதைத் திறக்காதே."

"முதல் படத்தை மட்டுந்தான் அண்ணி திறந்தேன். அப்புறம் நான் எதையுமே திறக்கலை."

அவன் பக்கம் மின்னஞ்சல் வந்து விழும் ஓசை கேட்டது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. பிறகு மூச்சு. பிறகு ஒரு செருமல், அறைக்குள் நுழையுமுன் அவர் எப்போதும் செருமுவதைப் போல.

"தம்பி?"

இணைப்பு அறுபடவில்லை.

ஸ்கேனர் மூடியைத் தூக்கினாள். படம் வைத்த இடத்தில்தான் இருந்தது. அதில் சுவர் மட்டும்.

அவள் கணினி ஒலித்தது. கொழுந்தன் முகவரியிலிருந்து. ஒரு வரியும் இல்லை. இணைப்பாக ஒரு படம், நகத்தளவு.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

அப்படியும் படம் தானே விரிந்தது. திரை முழுக்கச் சுவர். இந்த அறையின் சுவர். ஓரத்தில் நான்கு விரல்கள். ஒன்றில், அவர் விரலிலிருந்து அவள் கழற்றி அலமாரியில் பூட்டிய மோதிரம்.

அவற்றுக்குக் கீழே, இன்னொருவருடைய நான்கு விரல்கள்.