கலக்கியை நிறுத்தியவள்

மலையில் மூடுபனி இறங்கிய மதியம். ராய்மத்தி முதுலி வழக்கம்போல அலுமினிய ஆலையின் நான்காம் தொட்டிக்கு வேலைக்கு வந்தாள். பத்து மாடி உயரத் தொட்டி. உள்ளே சுடுகிற காரநீரில் அலுமினிய வெண்மண் மிதக்கும். அது அடியில் தங்கிவிடாதபடி நடுவே ஒரு கலக்கி இரவுபகலாகச் சுற்றும். நின்றால் போச்சு, மண் படிந்து கல்லாகிவிடும்.

அவள் புருஷன் தன்சிங் இந்தத் தொட்டிமேல் வேலை செய்தபோதுதான் காணாமல் போனான். எவளோடோ ஓடிவிட்டான் என்று ஆலை கைகழுவியது. தொட்டியைத் திறந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். உற்பத்தி கெடும் என்றார்கள். அவனா ஓடுகிறவன்?

அன்று மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, கலக்கியின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார் மேலாளர் சத்பதி பாபு. மண் மிதக்கிற அளவுக்குச் சுற்றினால் போதுமாம். வேகம் தணிந்தது. இரைச்சலும் தணிந்தது.

டொக்.

"கட்டி ஏதோ உடைஞ்சு மோதுது, அக்கா," என்றான் கூட வேலை செய்யும் புத்ரா.

டொக். டொக்.

கட்டியென்றால் சுற்றுக்கு ஒருமுறை மோதும். இது நின்று, கவனித்து, தட்டியது. ராய்மத்தி இரும்பில் காதை வைத்தாள். கன்னம் பொசுங்கியது. அவள் விலகவில்லை.

"ராயீ... நிறுத்து. சுத்திச் சுத்தி ஓய்ஞ்சுட்டேன்."

அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கலக்கி நின்றது.

சத்பதி மூச்சிரைக்க ஓடிவந்தார். "புத்தி பேதலிச்சுப்போச்சா உனக்கு? எல்லாம் கல்லாயிடும். தள்ளு."

"ஆகட்டும் பாபு. அப்பத்தானே திறந்து வெட்டுவீங்க."

"வேலை போயிடும்."

"போகட்டும். என் புருஷனை ஓடிப்போனவன்னு சொன்ன வாய் முதல்ல மூடட்டும்."

பொத்தானை மறைத்து நின்றாள். புத்ரா அவள் பக்கத்தில் போய் நின்றான். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் மண் இறுகிவிட்டது.

வேறு வழியின்றி வெட்டினார்கள். அடியில் வெண்கல்லுக்குள் எலும்பாக இருந்தான் தன்சிங். மடக்கிய கை சுவரைத் தொட்டிருந்தது.

ஊரே திரண்டு அவனை எரித்தது. ராய்மத்தியின் வேலையில் கைவைக்க எவனுக்கும் துணிவில்லை. நான்காம் தொட்டி மறுபடி நிரம்பியது. கலக்கி சுற்றியது. தட்டும் சத்தமே இல்லை. அவள் நிம்மதியாகக் கேழ்வரகுக் கூழைக் குடிக்க உட்கார்ந்தாள்.

டொக்.

மூன்றாம் தொட்டி.

புத்ராவின் முகம் வெளுத்தது. "அக்கா... அதுல யாரும் காணாமப் போகலையே."

"போனா நம்மகிட்ட சொல்லவா போறாங்க?"

கூழை அப்படியே வைத்துவிட்டு எழுந்த ராய்மத்தி, மூன்றாம் தொட்டியின் பொத்தான்மேல் கையை வைத்தாள்.