நூற்று நாற்பத்தொன்பது கிலோமீட்டரை இறக்கும் இடம்

மாமனார் சொக்கலிங்கம் சுவரோரம், கிழக்கு பார்த்து. அவருக்கு வலப்பக்கம், முதல் இலையில், இளைய மருமகன் இளம்பரிதி. இடப்பக்கம் அவன் மனைவி பூங்கோதை. வருடாந்திர விருந்தின் பந்தி பாயசத்துக்கு வந்துவிட்டிருந்தது. மூத்த மருமகன் தணிகாசலமும் மனைவி மங்கையும் மதுரை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மணி இரண்டே கால்.

முதல் இலை மூத்த மருமகனுக்கு உரியது. ஆனால் ஒரு மணிக்கு மேல் காத்திருக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

“வாங்க சகலை! விடியறதுக்கு முன்னாடியே கார் எடுத்தீங்களே, எங்க போச்சு? நாங்க பன்னெண்டு மணிக்குத்தான் சென்னையில வீட்டப் பூட்டுனோம்.”

இளம்பரிதி வந்தது மடிப்பூர்தியில். இரு நகரங்களுக்கு இடையிலுள்ள வெளியைத் துணிபோல் மடித்துத் தாண்டும் விமானம், பதினொரு நிமிடம். தணிகாசலத்தின் காதுக்கு மடிப்பு ஒத்துக்கொள்ளாது. ஒருமுறை ஏறி, மூன்று நாள் தலை சுற்றிக் கிடந்தார். மருத்துவர் தடை எழுதிவிட்டார்.

கடைசிப் பந்தியில், சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டபோதே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஒவ்வொரு பயணத்தின் கிலோமீட்டரையும் அவர் தேதியோடு குறித்து வைப்பவர். மடிப்பூர்தி வருமுன் மதுரைச் சாலை 462. இப்போது 611. தொலைவு ஆணையம் இதை மறைக்கவில்லை. தொலைவை அழிக்க முடியாது. வானில் மடித்ததை மண்ணில் எங்காவது இறக்கியாக வேண்டும். இதுவரை நெடுஞ்சாலையில் இறக்கினார்கள். ஆட்சேபிப்பவர் வேறு இடம் குறித்து எழுதலாம். வீட்டுக்கு வீடு பொருத்தியிருக்கும் ஆணையத்தின் தபால் குழாயில் கடிதம் விழுந்த நொடியே அமல்.

சென்னை திரும்பிய மறுநாள் மாலை எழுத உட்கார்ந்தார்.

“கடல்ல எறக்கச் சொல்லுங்களேன்,” என்றாள் மங்கை, கிண்ணத்தில் மோர்க்குழம்பை ஊற்றியபடி.

“கடல் எனக்கு என்ன பண்ணுச்சு? அவன் வாசல்ல எறக்குறேன். அவனும் ஏர்போர்ட் போய்ச் சேர மூணு மணி நேரம் ரோட்டுல கெடக்கட்டும்.”

“அவரு வாசல் நம்ம எதிர் வாசல்ங்க! நடுவுல நாலடி. என் தங்கச்சிக்கு எப்படிக் குழம்பு குடுப்பேன்?”

“கார்ல போய்க் குடு.”

“வயித்தெரிச்சல்ல எழுதாதீங்க. காலையில படிச்சா நீங்களே கிழிச்சிப் போடுவீங்க. அதுவரைக்கும் அந்தக் குழாய்ப் பக்கம் போகாதீங்க. இதோ வந்துடுறேன்.”

அவள் எதிர்வீட்டுக்குள் போனாள். அவர் திருத்தமாக எழுதினார்: ‘இறக்க வேண்டிய இடம்: நான்காம் மாடி, எட்டாம் எண் வீட்டு வாசற்படிக்கு முன்.’ கையெழுத்திட்டார். பிறகு, காலை வரை இருக்கட்டும் என்று பேனாவை அதன் மேல் வைத்தார்.

எதிர்வீட்டிலிருந்து இளம்பரிதியின் குரல் வந்தது: “அக்கா, அடுத்த வருஷம் சகலை இலையப் பார்சல்ல அனுப்பச் சொல்லிடலாமா?”

மூவரும் சிரித்தார்கள். மங்கையின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

தணிகாசலம் உறையின் ஓரத்தை நாக்கால் ஈரமாக்கி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார். முகவரியைச் சரிபார்த்தார். குழாயில் போட்டார். கடிதம் சர்ரென்று போனது.

எதிர்வீட்டுச் சிரிப்பு பாதியில் அறுந்தது.