வீட்டுக்கு வந்துட்டார்

"அந்தப் பேரை யாரைக் கேட்டு நெஞ்சுல குத்திக்கிட்டீங்க?"

கேட்டவள் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அவள் குரலுக்கு லாரியே ஓரம் கட்டும்.

திரும்பியவன் ஒரு பல் டாக்டர். மழைத்துளி ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் பெரிய பெரிய கண்கள்... சண்டைக்கு வந்தவள் ஒரு கணம் வந்த வேலையை மறந்தாள்.

"குலுக்கல் பெட்டிக்குள்ள கையை விட்டேன்... இது வந்துச்சுங்க."

"அது எங்க மாமா பேரு."

அம்மாவின் ஒரே தம்பி. இவள் பிறப்பதற்கு முன்பு, இதே மைதானத்தில் பந்தாட்டம் பார்க்கப் போனவர்களைச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள். அவர்களுக்காகத்தான் வருஷா வருஷம் இந்த ஓட்டம். ஓடுகிறவர் நெஞ்சில் எண் கிடையாது. அன்று செத்த ஒருவரின் பெயர் எழுதிய சீட்டு. மைதானத்தில் கிளம்பிக் கடைத்தெருவில் கோட்டைத் தாண்டியதும், மைக் பிடித்திருப்பவர் அந்தப் பெயரைச் சொல்லி, "வீட்டுக்கு வந்துட்டார்" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா குடையோடு காத்திருப்பாள்.

சொந்தக்காரர்கள் நேரத்தோடு வந்தால் தங்கள் பெயரைக் கேட்டு வாங்கலாம். இன்று பார்த்து ஸ்கூட்டர் மழையில் மக்கர் செய்ய, மாமா குலுக்கல் பெட்டிக்குள் போய்விட்டார். குத்திய பெயரைக் கோடு தாண்டும்வரை கழற்றக் கூடாது. பாதியில் நின்றால் அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டார்கள்.

"ஓடிப் பழக்கம் உண்டா?"

"பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்... அதையும் விட்டுடுவேன்."

ஆள் முழுக்கைச் சட்டையில் வந்திருந்த லட்சணமே சொன்னது. "நின்னீங்கன்னா இருக்கு உங்களுக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியில் கைக்கு வந்த வேறு யாரோ ஒருவரின் பெயரைக் குத்திக்கொண்டு ஓடினாள்.

பாலம் தாண்டித் திரும்பிப் பார்த்தால்... ஆளைக் காணோம். 'அவனை எதுக்குத் தேடுற?' என்றது மனசு. மாமாவுக்காகத்தான் என்று அதன் வாயை அடைத்துவிட்டு, வந்த வழியே ஓடினாள்.

நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். கணுக்கால் வீங்கியிருந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டு கைகளாலும் மாமாவின் பெயரைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"மழையில எழுத்து அழிஞ்சிடும்னு..."

திட்ட வந்தவள் அவன் பக்கத்தில் குனிந்தாள்.

"பேரைத்தானே கழற்றக் கூடாது? சட்டையோட கழற்றித் தர்றேன். போட்டுக்கிட்டு ஓடுங்க. அம்மா காத்திருப்பாங்கல்ல?" முதல் பொத்தானில் கை வைத்துவிட்டான். குளிரில் உதடு நடுங்கியது.

இப்படி ஒருத்தனையா அந்தப் பேச்சு பேசினோம்...

"வேணாம். மாமா ஓடப் போனவர் இல்ல, மேட்ச் பாக்கப் போனவர். நடந்தே வரட்டும். கையைக் குடுங்க."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான்.

"வாயை மூடுங்க. மூக்கால மூச்சு விடுங்க."

"ஊரையே வாயைத் திறக்கச் சொல்றவன்ங்க நான்... எனக்கே வாய்ப்பூட்டா?"

களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"ரோட்டைப் பாத்து நடங்க."

கடைத்தெருவில் கூட்டம் கலைந்திருந்தது. மைக் பிடித்தவர் ஒயரைச் சுருட்டப் பார்க்க, அம்மா மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றாள்.

"என் தம்பி இன்னும் வரல."

கோட்டைத் தாண்டினார்கள். இரண்டு பெயர்களும் ஒலித்தன. இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அவன் நனைந்த சட்டையில் இருந்த பெயரைத் தடவினாள்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

அவன் குனிந்து நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"கால் சுளுக்கிடுச்சுக்கா... நடந்துதான் வர முடிஞ்சுது."

அம்மா அவன் நெஞ்சில் முகம் புதைத்து அழுதாள். வருஷா வருஷம் தனியாக நின்று அழுகிறவளுக்கு இன்று கோபித்துக்கொள்ளவும் ஒரு தம்பி இருந்தான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பால் நகர்ந்ததும், இவள் அவன் காலில் துண்டைச் சுற்றிக் கட்டினாள்.

"எங்கம்மாவை அக்கான்னுட்டீங்க."

"தப்பா?"

"அப்போ நீங்க எனக்கு என்ன முறைன்னு யோசிச்சீங்களா?" தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அப்போ யோசிக்கல..." அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "இப்போ யோசிச்சுத்தான் சொல்றேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்குங்க."

முடிச்சை இறுக்கினாள். "எனக்கும்... சட்டையைக் கழற்றப் போனீங்களே, அப்பவே."

அம்மா குடையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"என்ன இன்னும் மழையில? ரெண்டு பேரும் வாங்க, வீட்டுக்குப் போகலாம்."